செவ்வாய்க்கிழமை வலை

1
இக்கதை ஒரு தவறிலிருந்து எனக்குக் கிடைத்தது. கரைவலை இழுப்பவர்கள் பின்னோக்கி நன்கு சாய்ந்தால், எங்கள் பெண்கள் வலை கனக்கிறது என்று நம்பி, மீன் புகைக்கும் அடுப்பை மூட்டிவிடுவார்கள். ஒருநாள் மீனவன் எபோவின் மனைவி அராபாவும் மூட்டினாள். வலையில் வந்தவை காலியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் பைகள், செருப்புகள், நாற்காலிக் கால் ஒன்று. விறகு வீணாக எரிந்தது.

2
'கடல் அழுத—' இல்லை. கடல் அழாது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

'அராபா ஒரு பாவப்பட்ட—' இதுவும் பொய். அவள் பேச்சையே கேளுங்கள்.

"ஏய்யா எபோ, கடல்ல வலை போட்டியா, குப்பைமேட்டுல போட்டியா?"

"எதுல போட்டாலும், புருஷன் கொண்டாந்ததைப் பொண்டாட்டி நீதானடி காசு குடுத்து வாங்கணும்? அதுதான இங்க வழக்கம்!"

"செருப்பைப் புகைச்சா யாருய்யா திம்பா? இன்னும் ஒரு தரம் விறகு வீணாகட்டும், அடுப்பை இடிச்சிட்டுக் கடலே இல்லாத குமாசி டவுனுக்குத் தக்காளி விக்கப் போயிருவேன்."

"அப்புறம் என்னை யாரு திட்டுவா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் அஞ்சினான்.

3
எங்கள் ஊர் வழக்கப்படி செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு; அன்று வலை இறக்கினால் மீனவர் தலைவர் படகைப் பறித்துக்கொள்வார். அடுத்த செவ்வாயன்று எபோ பழைய வலையுடன் தனியே படகில் சென்றான். குப்பையை மட்டும் வாரிவிட்டால், புதன்கிழமை அவள் அடுப்பு வீணாகாது என்பது அவன் கணக்கு.

(இந்த அன்பை அவன் வாயால் சொல்லவைக்க மூன்று பக்கங்கள் எழுதினேன். அவன் ஒத்துழைக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

அவன் திரும்பியபோது கரையில் அராபா காத்திருந்தாள். குப்பையோடு கூடை நிறையச் சாளை மீன்கள் துள்ளின.

"செவ்வாய்க்கிழமையில என்னய்யா இது?"

"குப்பை வாரத்தான் போனேன். இதுங்க தானா வந்துருச்சு."

"இதைத் தலைவர்கிட்ட சொல்லு, சிரிச்சிக்கிட்டே படகைப் புடுங்குவாரு. அதோ வர்றாரு பாரு."

4
முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அவர்கள் மீனை அடுப்புக்குக் கொண்டுபோகிறார்கள். அடுப்பு எரிகிறது, படகு பறிபோகிறது. மற்றொன்றில் மீனைக் கடலிலேயே கொட்டுகிறார்கள். படகு ஒருவேளை மிஞ்சும், அடுப்பு குளிர்ந்தே கிடக்கும். இரண்டிலும் பிழை காண முடியவில்லை. ஆகவே இரண்டையும் நான் நம்பவில்லை.

ஒன்றை மட்டும் மாற்ற உங்களை அனுமதிக்கமாட்டேன்: கூடையின் ஒரு பிடியை எபோ பற்றியிருந்தான், மறு பிடியை, யாரும் கேளாமலே, அராபா வந்து பற்றினாள். குமாசியைப் பற்றி அவள் பேசவில்லை.

அடுப்புப் பக்கமா, கடல் பக்கமா, எந்தப் பக்கம் நடப்பது என்பதை நீங்கள் சொல்லுங்கள். விரைந்து சொல்லுங்கள், மீன்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.