கறுப்படித்த பின்விளக்கு

என் கார் சாவியை வெளியாள் யாரும் தொட்டதில்லை. பெரியவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டு மாடியில் குடியேறிய டயர் கடைக்காரனும் வெளியாள்தான். என்னை மாமா என்பான். நான் அவனை 'டயர்' என்றே கூப்பிடுவேன். நாலு பேர் முன்னால் என் வாயால் மாப்பிள்ளை என்று கேட்க வேண்டும், சின்னவள் கல்யாணத்துக்கு அந்தக் காரை அவன் ஓட்ட வேண்டும். அதுதான் அவன் ஆசை.

சின்னவளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வரவிருந்த நாள் காலை, பின்விளக்குகள் இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டு கார் கொட்டகையில் குந்தியிருந்தான். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, டப்பாவிலிருந்து கறுப்புச் சாயத்தை மெல்லிசாகப் பீய்ச்சினான்.

"என்னடா, விளக்குக்கு மை வைக்கிறியா?"

"இப்ப எல்லாரும் இப்படித்தான் மாமா. வண்டி எடுப்பா இருக்கும்."

மாடிப்படியில் பெரியவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். முந்தின நாள் அவள் திருட்டுத்தனமாகக் காரை எடுத்து, ரிவர்ஸில் வாசல் கேட் தூணில் இடித்ததை ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். இடது விளக்கின் சிவப்புச் சில்லு என் சட்டைப்பையில் இருந்தது. விரிசலைப் பசையால் அடைத்து, அது தெரியாமலிருக்க இரண்டுக்கும் கறுப்படிக்கிறான் பெண்டாட்டிதாசன்.

வந்தவர்கள் காரைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"பின்விளக்கு ஜோரா இருக்கே! எந்தக் கடையில போட்டீங்க?" என்றார் சம்பந்தி.

"வீட்டுலயேதாங்க. நான்தான் அடிச்சேன்." டயரின் முகமெல்லாம் பல்.

"ஏறி உக்காரு. பிரேக்க மிதி" என்றேன்.

என் இருக்கையில் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தான். மிதித்தான். இடது விளக்கில் விரிசல் சிலந்திவலையாகச் சிவந்து எரிந்தது. பூசி மெழுகியது பல்லிளித்தது. சில்லை எடுத்து டிக்கி மேல் வைத்தேன்.

"யாரு இடிச்சது?"

அவன் பெரியவளைப் பார்த்தான். அவள் தன் கால் விரலைப் பார்த்தாள்.

"நான்தான் மாமா."

"சாவிய என்னக் கேக்காம எடுத்தியா?"

"...ஆமா."

"நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும்..." என்று சம்பந்தி பக்கம் திரும்பினேன். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். "எம் பொண்ணுங்க யாரும் சாவியத் தொட மாட்டாங்க சம்பந்தி. வளர்ப்பு அப்படி."

"ஆமாங்க. எங்களுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது" என்றாள் பெரியவள், காபித் தட்டை நீட்டியபடி. குரல் பிசகவில்லை. என் ரத்தம்.

சம்பந்தம் அன்றே முடிவானது.

கல்யாணத்தன்று காரை ஓட்டியது கூலி டிரைவர். பெரியவள் என் பக்கத்தில் பட்டுச்சேலையில் இருந்தாள். டயர் பின்னால் சாமான் வேனில் வந்தான். எங்கள் கார் நின்ற போதெல்லாம் புது விளக்குகளின் சிவப்பு அவன் முகத்தில் விழுந்தது. அவற்றை மாட்டியதும் அவன்தான், இம்மி கோணாமல். வேலையில் குறை சொல்ல முடியாது.