விதையிலை இல்லாத கரு

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘குடும்பஸ்தர்’. மனைவியை முன்னிட்டு அல்ல. ஒரே ஒரு கொடியின் ஐந்திதழ்ப் பூவைப் பார்த்துவிட்டு ஒரு புதிய தாவரக் குடும்பத்தையே நிறுவி, அதற்குத் தன் பெயரையும் சூட்டியிருந்தார். விதையை மட்டும் வெட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு சில்லறை வேலையை அவரா செய்வார்?

வெட்டியது மனைவி. அதே ஆய்வகத்தில் விதைக் கருக்களை ஆராய்பவர்.

“ஏங்க, கொஞ்சம் இங்க வந்து பாருங்க.”

மைக்ரோஸ்கோப்பில் கரு நூல்போலச் சுருண்டு கிடந்தது. விதையிலை இல்லை, வேர்முனை இல்லை.

“இது ஏற்கெனவே தெரிஞ்ச ஒட்டுண்ணிக் குடும்பம்ங்க. அடுத்த செடியை உறிஞ்சிப் பிழைக்கிற சாதி. உங்க பேர்ல தனியா ஒண்ணும் நிக்காது.”

“ஏதோ நோஞ்சான் விதையை வெட்டிட்டு என் மானத்தை வாங்காதே!”

“வெட்டினது எல்லாமே இப்படித்தான். மாநாட்டுல மத்தவன் சொல்றதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க, மரியாதையாவது மிஞ்சும்.”

“பக்கத்துல ஒரு செடிகூட இல்லாம வளர்த்துக் காட்டுறேன். அப்புறம் பேசு.”

அறையிலிருந்த பூச்சாடியைக்கூட வெளியேற்றினார். கண்ணாடித் தட்டில் ஈரத்தாள் விரித்து விதைகளைத் தூவி, அரசாங்கக் கஜானாவுக்குக் காவல்போல அருகிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார்.

முளைத்தன. வெளிறிய நூல்கள் ஜன்னல் வெளிச்சத்தைச் சட்டை செய்யவில்லை. எல்லாம் நாற்காலிப் பக்கமே சாய்ந்தன. அவர் மேசைக்கு மறுபுறம் போய் உட்கார்ந்தார். மதியத்துக்குள் அவையும் திரும்பிவிட்டன.

“மரியாதை தெரிஞ்ச செடி,” என்றார்.

மனைவி சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து மனைவி உள்ளே வந்தபோது, பேராசிரியரின் இடக்கை தட்டுக்குள் இருந்தது. விரலைச் சுற்றிய கொடி, தொட்ட இடமெல்லாம் குட்டி முளைகளைத் தோலுக்குள் இறக்கியிருந்தது. கொடி கொழுத்து மொட்டு விட்டிருந்தது. நகங்கள் தாளாக வெளுத்திருந்தன.

“ஐயோ, கையை எடுங்க!”

“கத்தாதே, வலிக்கலை. பிய்ச்சா செத்துடும். வேற செடி ஏதாவது இருக்கா இங்க? இல்லையே! கட்டுரையில எழுது: தனித்தே வளரும்.”

இருவர் கண்ணெதிரே ஒரு மொட்டு விரிந்தது.

“அஞ்சு இதழ்! நான் சொன்னேனா இல்லையா?” குரலில் மூச்சு குறைவாக இருந்தது, பெருமை குறையவில்லை.

மனைவி பிளேடை எடுத்து, விரல் முடிந்து கொடி தொடங்கும் இடத்தைத் தேடினார். அப்படி ஓர் இடம் இல்லை.