தாத்தா பக்கத்தை எழுதியவர்

ஒரு கார்ட்டூன் தாத்தாவை வைத்து கமலாசனிக்குப் பொறாமை வந்தது என்றால் யாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐம்பத்தொரு வயது, கண்டியில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் தலைமைக் கிளாக்கர், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷி. அவளைப் போய் இந்த வியாதி பிடிக்கும் என்று யார் கண்டது?

'ஏழாம் இலக்க வீடு' என்று ஒரு கார்ட்டூன். எந்த நாட்டுக்காரர் செய்ததோ, தமிழில் குரல் கொடுத்துச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டிவியில் போட்டார்கள். ஒரு அப்பா, ஒரு அம்மா, மின்னி என்றொரு மகள், புளுகு மூட்டையான ஒரு தாத்தா, சொல்பேச்சுக் கேட்காத ஒரு வாத்து. இவ்வளவுதான் குடும்பம். கலியாணம் கட்டாமல் தனியாக மேல்வீடொன்றில் வாடகைக்கு இருந்த கமலாசனி, அந்த அரைமணி நேரம் போன் அடித்தாலும் எடுக்கமாட்டாள்.

டொரொன்டோவிலிருந்து தம்பி கொம்பியூட்டர் வாங்கி அனுப்பியதும் 2007இல் அவள் அந்தக் கார்ட்டூனுக்கு ஒரு விக்கி தொடங்கினாள். விக்கியில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது மட்டும் 'வரலாறு' என்கிற பக்கத்தில் அழியாமல் கிடக்கும். முகப்பில் அவளே சட்டம் எழுதிப் போட்டாள். பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். ஒரு பாத்திரத்தை நீங்கள் வெறுக்கலாம், ஆனால் பக்கம் வெறுக்கக் கூடாது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், நிறுவியவர் கமலாசனி கதிரவேலு, கண்டி.

அந்தப் பெயரை அப்படிப் போட்டதில் ஒரு விஷயம் இருந்தது. எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் அவள் குடும்பம் குடியிருந்த வீட்டைத் தேடி வந்தவர்கள் கையில் பெயர்ப் பட்டியலோடுதான் வந்தார்கள். பின்மதிலால் குதித்து உயிர் தப்பிய நாளிலிருந்து, தன் பெயர் எங்கும் முன்னுக்கு நிற்காமல் பார்த்துக்கொண்டாள். அலுவலகக் கதவில்கூடப் பெயர்ப்பலகை வேண்டாம் என்றவள் அவள். இருபத்துநாலு வருஷம் கழித்துத் தன் பெயரைப் பெரிதாக எழுதிப் பார்த்த ஒரே இடம் இந்த விக்கிதான். அதை அவள் எப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கே வந்து சேர்ந்தார் காளிமுத்து.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், அங்கிருந்தே தினமும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. சனிக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததைக் கொப்பியில் எழுதி, வேலை முடிந்து டவுனில் இருந்த இன்டர்நெட் கடையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். முதலில் கமலாசனிக்குச் சந்தோஷம்தான். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தட்டிக்கொடுத்தாள். அலுவலகத்துக்கு வந்து கண்டபோது தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு அவர் தாத்தாவின் பக்கத்தில் கை வைத்தார். அது கமலாசனி எழுதிய பக்கம். தாத்தா சோம்பேறி, பொய்யர், வீட்டுக்குப் பாரம் என்று எழுதியிருந்தாள். காளிமுத்து அவளுடைய சட்டத்தையே எடுத்துக் காட்டி அந்த வரிகளைத் தூக்கிவிட்டு இப்படி எழுதினார்: 'இதுவரை தாத்தா பதினான்கு பொய் சொல்லியிருக்கிறார். அவற்றில் பதினொன்று, பேரப்பிள்ளை அடி வாங்காமல் இருப்பதற்காக. மிச்சம் மூன்றும் தனக்குப் பசிக்கவில்லை என்பது.'

அதைப் படித்துவிட்டுக் கமலாசனி கதிரையை விட்டு எழும்பவில்லை. நூறு சனிக்கிழமை பார்த்தும் இது தன் கண்ணில் படவில்லையே என்று ஆத்திரம். பட்டிருந்தாலும் இப்படி எழுத வந்திருக்குமா என்று அடுத்த ஆத்திரம். டொரொன்டோக்காரரும் லண்டன்காரரும் கருத்துப் பகுதியில் காளிமுத்து அண்ணாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஒருத்தராவது நிறுவியவரைப் பற்றிக் கேட்கவேண்டுமே! தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்த மனுஷன், மருந்துச் சிட்டை பார்க்கிற மனுஷன், என்று மனசுக்குள் கேவலமாகவும் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், ஆனால் நினைப்பை நிறுத்தவில்லை.

2008 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுப் பத்திரிகையிலிருந்து நிருபர் வந்தார். தாத்தாவின் பக்கத்தைப் படித்து அழுதுவிட்டதாகச் சொன்னார். அதை மிஸ்ஸா எழுதினீர்கள் என்று கேட்டார். வாய் தானாக 'ஓம்' என்றது.

சொன்ன பொய்யைக் காப்பாற்றவேண்டுமே. அன்று பின்னேரமே பங்களித்தோர் பட்டியலிலிருந்து காளிமுத்துவின் பெயரை எடுத்தாள். அவர் இனி எழுதமுடியாதபடி கணக்கையும் பூட்டினாள். காரணம் கேட்ட பெட்டிக்குள் 'ஆதாரம் இல்லாமல் எழுதுகிறார்' என்று தட்டினாள். பச்சைப் பொய். அந்த விக்கியில் அவரளவுக்கு ஆதாரத்தோடு எழுதியவர் வேறு யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய படத்தோடு பத்திரிகையில் வந்தது.

அடுத்த கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார். சண்டை பிடிக்க வந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனுஷனோ, என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன் என்றார். கமலாசனி பைலிலிருந்து தலையை எடுக்காமல், எத்தனையாம் நிமிஷத்தில் எது நடந்தது என்று மணி போட்டுக் குறித்து வைத்திருந்தால்தான் ஆதாரம், மற்றதெல்லாம் வெறும் கதை என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்களில் குண்டு வெடித்த வருஷம் அது. கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையிலும் வெடித்த பிறகு கண்டிக்குப் போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் மறித்து, ஆட்களை இறக்கி, அடையாள அட்டையும் பையும் பார்த்தார்கள். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தெல்தோட்டை பஸ்ஸை மறித்தபோது காளிமுத்துவின் பையிலிருந்து ஒரு கொப்பி எடுபட்டது. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் அதை விரித்து உரக்க வாசித்தார்.

'8.07. தாத்தா சிவப்புப் பையை பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைக்கிறார். 8.11. மின்னி மட்டும் கண்டாள், யாருக்கும் சொல்லவில்லை. 8.19. பஸ் பாலத்தைத் தாண்டுகிறது. 8.21. பைக்குள் சத்தம்.'

பைக்குள் இருந்தது வாத்து. அதை அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்?

மறுநாள் மத்தியானம் காளிமுத்துவின் மனைவி பாலம்மா கமலாசனியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவரைப் பிடித்துவிட்டார்கள், நாளைக்குக் காலையில் கொழும்புக்கு ஏற்றப்போகிறார்களாம் என்றாள். கொழும்புக்கு ஏற்றினால் ஆள் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று அந்த வருஷத்தில் யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கார்ட்டூனைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதுகிறேன் என்று அவர் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்திருக்கிறார். கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டையும் காட்டியிருக்கிறார். அந்தத் துண்டில் எல்லாவற்றையும் எழுதியவர் கமலாசனி என்றுதான் இருந்தது. பொலிஸில் யாரோ இன்டர்நெட்டில் தேடியும் பார்த்திருக்கிறார்கள். பங்களித்தோர் பட்டியலில் காளிமுத்து என்ற பெயரே இல்லை.

"பேப்பர்காரங்க பேர மாத்திப் போட்டுட்டாங்கன்னு வீட்டுல சொல்லிச் சிரிச்சாரு மிஸ்," என்றாள் பாலம்மா. "மிஸ் வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க. உங்களத்தான் நம்பியிருக்காரு."

கமலாசனி பைலை மூடினாள். ஒரு லோயரைப் பார்த்தால் என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், சந்தேகப்பட அதுவே போதும். பொலிஸுக்குத் தானாகப் போய், அந்தக் கொப்பிக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்வதா? ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. போய்ச் சொன்னால் தாத்தாவின் பக்கத்தை எழுதியவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரு மனுஷனின் உயிர் கம்பிக்கு உள்ளே இருக்கும்போது தனக்கு இந்த நினைப்பும் வருகிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அரைநாள் லீவு எழுதி வைத்துவிட்டுப் பாலம்மாவோடு புறப்பட்டாள்.

போகிற வழியில் இன்டர்நெட் கடையில் 'வரலாறு' பக்கங்களை அச்செடுத்தாள். காளிமுத்து, காளிமுத்து, காளிமுத்து என்று வரிவரியாக இருநூறு திருத்தம், ஒவ்வொன்றுக்கும் தேதியோடு. கடைசித் தாளில் மட்டும் அவளுடைய பெயர் இருந்தது, அவள் செய்ததும் இருந்தது. அந்தத் தாளைத் தனியாக மடித்துக் கைப்பைக்குள் தள்ளினாள். மற்றது போதும், மனுஷனை வெளியே எடுக்க இது தாராளம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நகரத்துக்கு வெளியே காளிமுத்துவை அடைத்து வைத்திருந்த பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அவளை இருக்கச் சொன்னார். அரசாங்க உத்தியோகம் என்றதும் மரியாதை கொடுத்தார். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கார்ட்டூனையும் வாத்தையும் விளக்கினாள். பத்திரிகையில் வந்தது பிழை, நல்ல பக்கங்களை எழுதியவர் காளிமுத்துதான் என்றாள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் தாள்களைக் கொப்பியோடு வைத்துப் பார்த்து, சரிதான், ஆட்களின் பெயர்களெல்லாம் பொருந்துகின்றன என்றார்.

இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். தாள்களைக் கடைசி வரை புரட்டினார். இதில் இவர் எழுதியது மார்ச் மாதத்தோடு நிற்கிறது, கொப்பியில் மணி போட்டு எழுதியிருப்பதோ ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்கும் என்றார். எழுதுவதை நிறுத்திய மனுஷன், அதற்குப் பிறகு யாருக்காக நிமிஷக் கணக்கில் குறிப்பெடுத்தான் என்று கேட்டார்.

கமலாசனி திரும்பிப் பார்த்தாள். வாசல் பக்கத்து வாங்குப் பலகையில் பாலம்மா இவளையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குச் சிங்களம் அவ்வளவு ஓடாது. நல்ல செய்தி வரும் என்ற முகத்தோடு இருந்தாள்.

கமலாசனி கைப்பையைத் திறந்து மடித்த தாளை மேசையில் வைத்தாள்.

பொலிஸ்காரர் அதை மொழிபெயர்த்தார். பெயரை எடுத்தவர் கமலாசனி. கணக்கைப் பூட்டியவர் கமலாசனி. காரணம், ஆதாரம் இல்லை. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். ஆதாரம் இல்லாதவனுக்காக எதற்கு வந்தீர்கள் என்றார்.

ஆதாரம் இருந்தது, நான் போட்டது பொய் என்றாள். மணி போட்டுக் குறித்து வை என்று அவருக்குச் சொன்னதும் நான்தான், அந்தக் கொப்பியை எழுத வைத்ததே நான் என்றாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்டார். அவள் அதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாள்.

"இரிசியாவ."

பொறாமைக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். இன்ஸ்பெக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஒரு கார்ட்டூன் கிழவனைப் பற்றி இவன் உங்களைவிட நன்றாக எழுதினான் என்றா பொறாமை என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றாள். பொலிஸ்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கமலாசனிக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இந்த மேசைக்கு முன்னால் இருந்து ஆட்கள் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார்கள், இப்படியொன்றை யாரும் பொய்யாகச் சொல்லமாட்டார்கள் என்றார். வாக்குமூலத்தை எழுதினார். அந்தச் சொல்லையும் விடாமல் எழுதி, கீழே கையெழுத்து வாங்கினார்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் காளிமுத்துவை வெளியே விட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. ஒரு காலை ஊன்றாமல் நடந்தார். பாலம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள். மூன்று பேரும் பஸ் தரிப்பு வரைக்கும் மெதுவாக நடந்து வந்தார்கள்.

கொப்பியைத் தரமாட்டேன் என்றுவிட்டார்கள், நாலு மாசத்து ஆதாரம் போய்விட்டது என்று அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். இன்னும் இரண்டு கிழமை குறித்துவிட்டுக் கொண்டுவந்து காட்ட இருந்தாராம். டிவி ஓடும்போது பிள்ளைகளில் ஒருத்தி மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிமிஷம் சொல்வாளாம், மற்ற இரண்டு பேரும் சிரிக்கக்கூடாதாம்.

கமலாசனி நின்றாள்.

"அதொண்டும் தேவையில்லை, காளிமுத்து. ஆதாரம் இல்லையெண்டு நான் போட்டது பொய். பேப்பர்காரருக்கும் நான்தான் பொய் சொன்னனான். உங்களிலை ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பொறாமை."

பாலம்மாவின் கை அவர் தோளில் இறுகியது. இனி என்ன பேச்சும் வரட்டும், நடுறோட்டில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வோம் என்று கமலாசனி தயாராக நின்றாள்.

"அப்ப நான் எழுதுனது சரியாத்தான் இருந்துச்சா மிஸ்?" என்றார் காளிமுத்து.

"ஓம்," என்றாள். "நான் எழுதினதைவிடத் திறம்."

வீங்கிய கன்னத்தோடு அந்த முகம் மலர்ந்தது. கேட்டியா, கேட்டியா என்று பாலம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினார். கம்பிக்கு வெளியே வந்தபோதுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. பத்திரிகையில் தன் படத்தைப் பார்த்த அன்று தனக்கு இதில் கால்வாசிச் சந்தோஷம்கூட வரவில்லை என்பது கமலாசனிக்கு அப்போதுதான் உறைத்தது. செய்ததையெல்லாம் செய்துவிட்டு, அந்த பஸ் தரிப்பில் நின்று, அவர் சிரிப்பதைப் பார்த்தும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.