முதல் வரியில் எந்தக் கல்லூரி

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மகளின் தோளுக்கு மேலே எட்டி லேப்டாப்பைப் பார்த்தாள்.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் இருபது வருடமாக டோக்கன் கொடுப்பவள் அவள். டாக்டரிலிருந்து துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் டோக்கன் அக்கா. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள். மகளுக்கு வீட்டில் வைத்த பேர் வாயாடி. அந்த வாயாடி மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. அதுதான் டோக்கன் அக்காவை நடுவேளையில் வீட்டுக்கு இழுத்து வந்தது.

திரையில் பொறியியல் கல்லூரிகளின் விருப்பப் பட்டியல். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று மாணவர்களே வரிசைப்படுத்தி, இன்று மாலை ஐந்து மணிக்குள் லாக் செய்ய வேண்டும். அதற்கப்புறம் கடவுளே வந்து கேட்டாலும் மாற்ற முடியாது.

முதல் வரியில், ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடமாக மின்னும் தனியார் கல்லூரி. வாயாடி எட்டாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்ட அரசுக் கல்லூரி எலக்ட்ரிகல் பிரிவு, நாலாவது வரியில் ஒடுங்கிக் கிடந்தது.

"இது எப்படிடி முதல்ல வந்துச்சு? உனக்கு அந்தக் கண்ணாடி மாளிகை பிடிச்சிருக்கா?"

"பிடிக்கல."

"அப்புறம்?"

"அதுதான் கிடைக்குமாம். கிடைக்கிறத முதல்ல போட்டாத்தான் கை நழுவாதுன்னு மாமா சொன்னாரு. ஏஜெண்டும் அதையேதான் சொன்னாரு."

மாமா என்பது டோக்கன் அக்காவின் அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். தங்கச்சி குடும்பத்துக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிறவர், ஓடி வந்ததை நாலு வருடத்துக்குச் சொல்லிக் காட்டுகிறவரும் அவர்தான். அவருடைய கடைக்குத் தரை ஓடு பார்க்க வந்த ஒருவர், அந்தக் கண்ணாடி மாளிகைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் என்று சொல்லி, வாயாடியின் அட்மிஷனையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"என் ரேங்க் 4210-க்கு அரசுக் கல்லூரியில எலக்ட்ரிகல் எல்லாம் கனவும்மா, போன வருஷம் 3640 ரேங்க்லயே முடிஞ்சிடுச்சுன்னு ஏஜெண்ட் பேப்பரைக் காட்டினாரு." வாயாடி மேசையில் கிடந்த அந்தப் பேப்பரை அம்மா பக்கம் நகர்த்தினாள். "பாத்தேன். நிஜமாத்தான் போட்டிருக்கு."

டோக்கன் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த லிஸ்டை வச்சு எப்படி சீட்டு கொடுப்பாங்க?"

"என் முறை வரும்போது கம்ப்யூட்டர் மேலேருந்து பாக்கும். முதல் வரியில இடம் இருந்தா கொடுத்துடும். இல்லன்னா ரெண்டாவது, மூணாவதுன்னு கீழ இறங்கும்."

"முதல்லயே கிடைச்சுட்டா?"

"அதோட நின்னுடும். கீழ பாக்காது."

சொல்லிவிட்டு வாயாடி அப்படியே உறைந்தாள். தன் வாயிலிருந்து வந்தது தன் காதுக்கே இப்போதுதான் எட்டியது. கண்ணாடி மாளிகையை முதலில் போட்டால் அது கட்டாயம் கிடைக்கும். கிடைத்துவிட்டால், நாலாவது வரியில் இருக்கிற எலக்ட்ரிகல் காலியாகவே கிடந்தாலும் அவளுக்கு இல்லை.

"அம்மா… அப்ப ஆசைப்பட்டதை மேல போட்டா ஒண்ணும் நஷ்டமே இல்லையே. அது இல்லன்னா அடுத்ததுக்குத்தான் போகும்!"

"அப்பாடா, வாயைத் திறந்துட்டா." டோக்கன் அக்கா அந்த ஏஜெண்ட் பேப்பரை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். மூலையில் பொடி எழுத்தில் 'முதல் சுற்று' என்று இருந்தது. "இது எத்தனை சுற்று நடக்கும்?"

"மூணு."

"அப்ப மூணாவது சுற்றோட கடைசி ரேங்க் எங்க?"

வாயாடிக்குத் தெரியவில்லை. காட்டியதைப் பார்த்தாள், காட்டாததைத் தேடத் தோன்றவில்லை.

"நம்ம கவுண்டர்ல காலைல ஏழு மணிக்குக் கண் டாக்டர் டோக்கன் முப்பதும் தீர்ந்துடும். முப்பத்தோராவது ஆளு அழுதுட்டே வீட்டுக்குப் போயிடும். ஆனா அந்த முப்பது பேர்ல ஆறேழு பேரு பல் டாக்டருக்கும் டோக்கன் வாங்கி வச்சிருப்பாங்க, எலும்பு டாக்டருக்கும் வாங்கி வச்சிருப்பாங்க. ஒரு ஆளு மூணு நாற்காலியில உக்கார முடியுமா? பதினோரு மணிக்கு நான் ஆளு தேடிக் கத்திட்டு இருப்பேன். அழுதுட்டுப் போனவங்க இருந்திருந்தா உள்ள போயிருப்பாங்க."

வாயாடியின் விரல்கள் அதற்குள் விசைப்பலகையில் ஓட ஆரம்பித்திருந்தன. சேர்க்கை இணையதளத்தின் பழைய பக்கங்களைத் தோண்டினாள். டாக்டர் படிப்புக்குப் போனவர்கள், வெளியூர் போனவர்கள், பெரிய கல்லூரிக்கு ஏறிப் போனவர்கள் எல்லாம் விட்டுப் போன இடங்கள். கடைசிச் சுற்றில் எலக்ட்ரிகல் முடிந்த ரேங்க், போன வருடம் 4380. அதற்கு முந்தின வருடம் 4290. அதற்கும் முந்தினது 4150.

"மூணு வருஷத்துல ரெண்டு வருஷம் எனக்குக் கிடைச்சிருக்கும்," என்றாள் வாயாடி. "ஒரு வருஷம் கிடைச்சிருக்காது."

"அந்த ஒண்ணுக்கும் வழி வை."

வாயாடி வைத்தாள். முதல் வரியில் எலக்ட்ரிகல். இரண்டாவதில் அதே கல்லூரியில் சிவில். மூன்றாவதில், ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பக்கத்து ஊர் அரசுக் கல்லூரி. அங்கே முதல் சுற்றிலேயே 6000 ரேங்க் வரைக்கும் இழுத்திருந்தது, அதனால் அது நிச்சயம். மூன்றிலும் வருடக் கட்டணம் அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். கண்ணாடி மாளிகைக்குப் பதினாலு மாதச் சம்பளம் வேண்டும்.

டோக்கன் அக்கா போனை எடுத்து மேற்பார்வையாளரிடம் அரை நாள் லீவு சொன்னாள். இருபது வருடத்தில் பிரசவத்துக்குத் தவிர அவள் திடீர் லீவு எடுத்ததில்லை.

நாலு மணிக்கு அண்ணன் வந்தார். கூடவே அவள் கணவரும் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து, சமையலறைத் தொட்டியில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன, லாக் பண்ணியாச்சா?" என்றார் அண்ணன். திரையைப் பார்த்தவருக்கு முகம் மாறியது. "நம்ம காலேஜைக் காணோம்?"

"அது நம்ம காலேஜ் இல்லண்ணே. எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா! நான் அந்த மனுஷனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். பணத்தை நான் தர்றேன்னு வேற சொல்லியிருக்கேன். நீ என்ன, டோக்கன் கிழிச்சுக் கிழிச்சு கல்வி அமைச்சர் ஆயிட்டியா?"

"ஆமாண்ணே. இன்னிக்கு ஒரு நாளைக்கு."

வாயாடி சிரித்துவிட்டாள். மாமா முறைத்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"எல்லாம் கையை விட்டுப் போனா பொண்ணு வீட்ல உக்காந்திருப்பா, பரவாயில்லையா?"

"ஏன் உக்காரணும்? ரெண்டு பஸ் மாறிப் படிக்கப் போவா. நீ தர்ற பணத்தை நாங்க எத்தனை வருஷம் திருப்பிட்டு இருப்போம், ஒவ்வொரு தடவை உன் கடை வாசல் தாண்டும்போதும் தலையைக் குனிஞ்சுட்டுப் போகணுமா? என் பொண்ணு தலையை நிமிர்த்திட்டு எங்க போனாலும் சரி."

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க!"

கணவர் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். "நான் என்ன மச்சான் சொல்றது? விரல் நசுங்கி இவ கவுண்டருக்கு எண்பத்தேழாம் நம்பர் டோக்கனோட போனவன் நான். கட்டுப் போட்டு முடிஞ்சப்புறமும் சாயங்காலம் வரைக்கும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கல. அன்னிக்கே சொன்னா, 'நீங்க போக மாட்டீங்க'ன்னு. யாரு எழுந்து போவாங்க, யாரு உக்காந்திருப்பாங்கன்னு இவளுக்குத் தெரியும்."

டோக்கன் அக்காவுக்குக் காது மடல் சூடானது. அண்ணன் முன்னால் எதைப் பேசுவது என்ற விவஸ்தையே இந்த மனுஷனுக்குக் கிடையாது. ஆனால் அந்தச் சூடு நன்றாகத்தான் இருந்தது.

"லாக் பண்ணுடி."

வாயாடி பண்ணினாள்.

முதல் சுற்றில் பக்கத்து ஊர்க் கல்லூரிதான் வந்தது. அண்ணன் போன் செய்து, "சொன்னேன்ல?" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கிடைத்த சீட்டை உறுதி செய்தபோதே, மேலே உள்ள வரிகளில் இடம் காலியானால் அதற்கு மாற்றும்படி வாயாடி குறித்துவிட்டாள். இரண்டாம் சுற்றில் ஒன்றும் நகரவில்லை. ஏஜெண்ட் நேரே வாயாடிக்கே போன் போட்டு, கண்ணாடி மாளிகையில் கடைசி இரண்டு இடம் இருக்கிறது என்றார். "மூணு வாரமா அதே ரெண்டு இடம்தான் சார் இருக்கு," என்றாள் வாயாடி.

மூன்றாம் சுற்று முடிவு வந்த காலை, டோக்கன் அக்கா கவுண்டரில் இருந்தாள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசை நெளிந்தது. தலையைத் தூக்காமல் நம்பர் எழுதிக்கொண்டிருந்தவள் முன் ஒரு கை நீண்டது. மை பட்ட விரல்கள். தெரிந்த விரல்கள்.

"யாருக்கு?"

"எலக்ட்ரிகலுக்கு," என்றாள் வாயாடி. "கடைசி ரேங்க் 4233. நான் உள்ள."

பின்னால் நின்ற பெரியவர், "அம்மா, எலக்ட்ரிகல் டாக்டர் எந்த ரூம்?" என்று கேட்டார். டோக்கன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருக்கு எலும்பு டாக்டர் டோக்கனைக் கொடுத்து, அவர் கண்ணில் இருந்த கட்டைப் பார்த்ததும் கண் டாக்டர் டோக்கனாக மாற்றிக் கொடுத்தாள்.

மத்தியானம் அண்ணன் போன் செய்தார். குரலில் பாதி சந்தோஷம், பாதி சங்கடம். "அதிர்ஷ்டக்காரிதான் உன் பொண்ணு."

"அதிர்ஷ்டம் இல்லண்ணே. எழுந்து போனவங்க நாற்காலி காலியா இருந்துச்சு. நாங்க வாசலை விட்டு நகரல."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சரி… அந்த ஏஜெண்ட் இங்கதான் கடையில உக்காந்திருக்காரு. நான் வாக்குக் கொடுத்துட்டு ஏமாத்திட்டேனாம். உன்கிட்ட நேர்ல வந்து பேசணுங்கிறாரு. என்ன சொல்ல?"

ஜன்னலுக்கு வெளியே நாற்பது தலைகள் தெரிந்தன. டோக்கன் அக்கா புது டோக்கன் கட்டைப் பிரித்தாள்.

"வரிசையில வந்து டோக்கன் எடுக்கச் சொல்லு."