எழுத்துக்கூட்டி

பேனாவைக் கையில் வாங்கிய பிறகுதான் கண்ணகை தாளைப் பார்த்தாள். தமிழில் அடித்திருந்தார்கள். சிங்களத்தில் இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது. என்ன ஏது என்று தெரியாமல் ஒப்பம் வைத்துவிட்டு, தெரியாமல்தான் வைத்தேன் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம். எட்டாம் வகுப்பு வரை படித்த பாவம், நான்கு வரியும் ஒரே பார்வையில் உள்ளே போய்விட்டன.

இன்று விடியற்காலை வாவியில் நடந்த மோதலில் இறந்த அழகரத்தினம் என்பவர் ஒரு பயங்கரவாதி என்பதை மனைவியாகிய நான் ஏற்றுக்கொண்டு சடலத்தைப் பொறுப்பேற்கிறேன். அவ்வளவுதான் விஷயம். கீழே ஒரு கோடு, அவளுக்காக வெறுமையாக விட்டிருந்தது.

மோதலாம். பக்கத்து வளவு மாடு வேலிக்குள் தலையை விட்டால் அதைக்கூட அதட்டத் தெரியாத மனிதன் அழகரத்தினம். ஊரடங்கு முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது தோணியை இறக்கியதுதான் அவன் செய்த மோதல். மீன் ஊரடங்கு பார்த்து ஓடுவதில்லை. ஏழு மணிக்கு வெறுந்தோணி தானாகவே வந்து கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் செருகிக்கொண்டது. ஒன்பது மணிக்கு ஆள் டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று செய்தி வந்தது.

ஆண்கள் யாரும் கூட வரவில்லை. வந்தால் ஒன்றுக்கு இரண்டு பிணமாகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆமிச் சென்றிகளில் பிள்ளையோடு போகிற பெண்ணைத்தான் கொஞ்சம் மரியாதையாக விடுவார்கள். அதனால் மகள் இராசாத்தியையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். புருஷனின் அண்ணன் நல்லரத்தினம் மண்டூர்த் துறைவரை வந்து, பாதையில் இருவரையும் ஏற்றிவிட்டு, கரையிலேயே நின்றுகொண்டான். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் அந்த மிதவைப் பாதை மாலை ஐந்து மணிக்குக் கடைசி ஓட்டம் ஓடும்.

"தலைக்கு மேல வெள்ளம் போயிட்டு, இனிச் சாண் போனா என்ன முழம் போனா என்ன," என்றான். "கேக்கிற இடத்தில கைய வெச்சிட்டு அவன வீட்ட கொண்டு வா கண்ணகை."

"ஓம் அத்தான்," என்றாள். என்ன கேட்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

பிண அறையில் அவளுக்கு ஒரு நிமிஷம் காட்டினார்கள். சீமெந்துத் தரையில் கிடந்தான். முழங்கையில் ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கலாம் என்று குனிந்தவளை, போதும் என்று வெளியே கூட்டி வந்துவிட்டார்கள். இப்போது விறாந்தையில் ஒரு மேசை, ஒரு பொலிஸ்காரன், தமிழ் தெரிந்த ஒரு கிளாக்கர், இந்தத் தாள்.

கையெழுத்து வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டாள். கிளாக்கர் பொலிஸ்காரனைக் கேட்கவில்லை. பதில் அவருக்கே மனப்பாடம்.

"குடுக்க ஏலாது தங்கச்சி. ஆறு மணிக்குப் பிறகு அவங்களே எரிச்சிடுவாங்க."

சொன்ன விதம் மரியாதையாகத்தான் இருந்தது. அந்த மரியாதையைத்தான் கண்ணகையால் பொறுக்க முடியவில்லை. ஏசிப் பிடித்துத் தள்ளியிருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது போயிருப்பாள். சுவரில் மணி மூன்றே கால். இன்றைக்கு ஒப்பம் வைத்தால் நாளைக்கு வீட்டைக் கிளற வருவார்கள். பத்து வருஷம் கழித்து இராசாத்தி அடையாள அட்டைக்குப் போய் நின்றால் அங்கேயும் இந்தத் தாள் முந்திப் போய்க் காத்திருக்கும். வைக்காமல் போனால், வீட்டில் அவனைக் கிடத்தச் சேலை விரித்து வைத்த வாங்கு வெறுமையாகக் கிடக்கும். உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று.

அப்போதுதான் முழங்கைப் பக்கத்தில் அந்தச் சத்தம் தொடங்கியது.

"மோ... மோத... மோதலில்..."

இராசாத்தி மேசை விளிம்பில் நாடியை வைத்து, தாளின்மேல் விரலை ஊன்றி வாசித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வருஷம். பள்ளிக்கூடத்தில் எழுத்துகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனா, ஆவன்னா, கானா, மானா என்று பிள்ளையும் பாட்டுப்போலப் பாடியது. 'மரம்' என்று எழுதிக் காட்டினால் மானா, ரானா, இம்மன்னா என்று ஒப்புவித்துவிட்டு, அதற்குள் மரம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் விழித்தது. டீச்சர் கண்ணகையைக் கூப்பிட்டு, இதற்குத் தலையில் ஒன்றும் ஏறாது, பாய் இழைக்கப் பழக்கு என்று சொல்லியனுப்பினாள்.

கண்ணகைக்கு வந்த கோபத்தில் உருப்படியாக ஒன்று நடந்தது. அந்தப் பெயர்களையெல்லாம் தூக்கி அடுப்பில் போட்டாள். இனி இந்த வீட்டில் எழுத்துக்குச் சத்தம் மட்டும்தான். ம என்றால் உதட்டை ஒட்டித் திற. ர என்றால் நாக்கு மேலே ஒருமுறை தட்டும். குசினி நிலத்தில் கரியால் எழுதி, பிள்ளையின் விரலைப் பிடித்து நகர்த்தி, ஒரு சத்தம் ஓயுமுன்னே அடுத்ததைத் தொடவைத்தாள். சேர்ந்து வருவது எங்கேயாவது கேட்ட சொல்லாக இருந்தால் அதுதான் சொல். இவ்வளவையும் ஒன்றரை வருஷம் செய்தாள். சில நாள் பிள்ளை அழுதது, சில நாள் தாய் அழுதாள். பள்ளிக்கூட வாசலையே காணாத அழகரத்தினம் மூலையில் வலை பொத்திக்கொண்டே வாய்க்குள் கூடச் சொல்வான். ஒருநாள் நெருப்புப் பெட்டியில் இருந்த சொல்லை மகளுக்கு முந்திச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவளுடைய கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

எல்லாவற்றிலும் கஷ்டம், பிள்ளையை நம்பவைப்பது. குருட்டுச் சொல் சொல்லிச் சொல்லி அடி வாங்கிய பிள்ளை, தன் வாயில் வந்த சத்தத்தையே நம்பாமல் தாயின் முகத்தைப் பார்க்கும். "என்ட முகத்தப் பாக்காத கிளி," என்பாள் கண்ணகை. "மனுசர் பொய் சொல்லுவாங்க. எழுத்து சொல்லாது." அது உள்ளே இறங்கியது இரண்டு மாதத்துக்கு முந்தித்தான். அதற்குப் பிறகு கையில் அகப்பட்ட எதையும் அவள் விடவில்லை. சீனி சுற்றி வந்த கடதாசி, சவர்க்கார உறை, துறையில் இருக்கும் அறிவித்தல் பலகை, எல்லாம்.

"அ... ழ... க... அழகரத்தினம்." இராசாத்தி நிமிர்ந்தாள். "அப்பாட பேர் அம்மா."

"ஓம். காணும் மகள், வா."

வரவில்லை. வரியின் நடுவில் விட்டுவிட்டு எழும்பாதே என்று சொல்லிக் கொடுத்தவளும் இவள்தானே. விரல் நகர்ந்தது. என்பவர். ஒரு. பிறகு நீளமான அந்தச் சொல்லின் வாசலில் நின்றது. கண்ணகை தாளின்மேல் கையை வைத்து மூடியிருக்கலாம். மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று பிற்காலத்தில் தன்னையே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். உண்மை கேவலமானது. புள்ளி வைத்த எழுத்து நடுவில் வந்தால் பிள்ளை எப்போதும் அங்கே விழுந்துவிடும். இந்தமுறை தாண்டுமா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ப... ய... பய... ங்... பயங்..."

தாண்டியது.

"பயங்கர... வா... தி."

றேடியோச் செய்தியில் நாளுக்கு நான்கு தரம் கேட்கிற சொல். பிள்ளைக்கு உடனே பிடிபட்டது. முகம் ஒரு நொடி வெளிச்சமாகி, அப்படியே நின்றது.

"அம்மா, அப்பா அதா?"

கிளாக்கர் மைப்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். சொல்லை அடித்த விரல்கள் அவருடையவை. பொலிஸ்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை வாசிக்கிறது என்று மட்டும் கண்டு சிரித்தான்.

"இல்ல," என்றாள் கண்ணகை. "நீ பிழையா வாசிச்சிட்டாய்."

"சத்தம் எல்லாம் சரியா வந்திச்சே."

"வரல்ல. பிழை."

இராசாத்தி தாளைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்ப அது என்ன?"

கண்ணகையின் புத்தி தன்பாட்டில் எழுத்துகளை எண்ணியது. ஏழு. ஒன்றரை வருஷப் பழக்கம், பொய் சொல்லும்போதுகூட விரல் நகர இடம் பார்த்துத்தான் சொன்னது.

"மீன்பிடிகாரர். அப்பா மீன்பிடிகாரர் எண்டு எழுதியிரிக்கி."

சொல்லிவிட்டுக் கோட்டின்மேல் தன் பெயரை எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு.

இராசாத்தி விரலைத் திரும்பவும் அந்தச் சொல்லின் முதல் எழுத்தில் கொண்டுபோய் வைத்தாள். உதடுகளை ஒட்டினாள். ஒட்டியவை திறக்கவில்லை. தாளை எடுக்கக் கை நீட்டிய கிளாக்கர், அந்த விரல் விலகட்டும் என்று அப்படியே நின்றார்.