தண்ணீர் இல்லாத ஆற்றின் மாவு மில்

ராசப்பன் தன் மாவு மில் வாசலில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நாலு மாதமாக நின்றிருந்த நீர்ச்சக்கரம் ஒருமுறை முனகிவிட்டுத் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. தொண்ணூற்றிரண்டாம் வருஷச் சித்திரை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. பீடி விழுந்து வேட்டி கருகியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"வேலாத்தா! ஓடியா! ஆத்துல தண்ணி வருது!"

மனைவி வந்து எட்டிப் பார்த்து வாயில் கை வைத்தாள். "ஏனுங்க, செவச்செவன்னு வருதுங்க!"

ஏற்றுமதித் துணிக்கென்று மேற்கே புதிதாக வந்த சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அது. செவ்வாய் சிவப்பு, புதன் நீலம். வியாழனன்று தண்ணீரில் இறங்கிய கொக்கு ரோஸ் நிறத்தில் எழுந்து போனது.

"எக்ஸ்போர்ட் கொக்குங்க," என்றார் சோளம் அரைக்க வந்த நல்லான்.

சக்கரம் சுற்றினால் பல்சக்கரம் சுற்றும், பல்சக்கரம் மேல்கல்லைச் சுழற்றும். எந்தத் தண்ணீர் என்று அது கேட்பதில்லை. தினமும் ஆற்றுத் தண்ணீரில் கல்லைக் கழுவிவிட்டுத்தான் ராசப்பன் சோளமோ கம்போ முதல் படித் தவசத்தைப் போடுவார். அவர் அப்பன் காலத்து வழக்கம். அன்றும் கழுவினார்.

நல்லான் வீட்டுக் களி ரோஸ் நிறத்தில் வெந்தது. தின்ற மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

மறுநாள் ராசப்பன் தானே தாலுகா ஆபீசுக்குப் போய், ஆற்றில் சாயம் வருகிறதென்று மனுக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து ஃபைலைப் பிரித்தார்.

"சித்திரையில இந்த ஆத்துல தண்ணி இல்லன்னு ரெக்கார்டு இருக்கு. தண்ணியே இல்லாதப்ப சாயம் எப்படி வரும்?"

"அப்ப சக்கரத்தச் சுத்தறது ஆருங்க சார்?"

"அது எனக்கெதுக்கு? மாவு கெட்டது உங்க மில்லுல."

மில் கதவுக்கு அரக்கு முத்திரை விழுந்தது. சக்கரத்துக்குத் தண்ணீர் விடும் மதகுக்கும், திறந்திருந்த வாக்கிலேயே, விழுந்தது.

"மதக அடைச்சுப்போட்டு வெய்யுங்க சார்! இல்லாட்டி உள்ள போயி மேக்கல்லயாச்சும் தூக்கியுட்டுட்டு வந்தர்றனுங்க. தவசமில்லாம சுத்துனா கல்லு கல்லயே தின்னுபோடுங்க. அந்தக் கல்லுதானுங்க எங்க சோறு!"

"இருந்தது இருந்தபடிதான் சீல் வைக்கணும். ரூல்ஸ்."

ஜீப் போனது. சாயங்காலம் பட்டறைகள் தொட்டிகளைத் திறந்துவிட்டன. சக்கரம் வேகம் பிடித்தது. ராசப்பன் பூட்டிய கதவில் காதை வைத்தபடி நின்றார். கதவின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் கல்மாவு கசிந்து, அவருடைய கால்விரல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது.