முதல் பரிசும் இசக்கிமணியின் மூக்கும்

1

இந்தக் கதை என் தலையில் பிறக்கவில்லை, முதுகில் பிறந்தது. குற்றாலத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே, மரப்பலகையில் நான் குப்புறப் படுத்திருந்தேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இசக்கிமணி, இரண்டு கட்டைவிரலையும் என் பிடரியில் ஊன்றிக்கொண்டு, "சார், நீங்கதான அந்த போட்டோ போட்டிக்கு ஜட்ஜு?" என்று கேட்டார். அந்த நிலையில் எவனும் பொய் சொல்ல மாட்டான். ஆமாம் என்றேன்.

ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அதனால் வேறு ஆரம்பங்களை எழுதிப் பார்த்தேன்.

"மலையின் மடியில் மேகங்கள் தவழ்ந்து விளையாடும்—" (வேண்டாம். இதை ஒரு லாட்ஜ் நோட்டீஸுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.)

"புகைப்படம் என்பது உறைந்துபோன காலம்." (இப்படி எழுதுகிறவனை எனக்கே அறையத் தோன்றும்.)

"ஹுஸ்னாவின் கண்கள்—" (நிறுத்து. அந்தப் பெண் இந்தக் கதையின் முதல் வரைவைப் படித்துவிட்டு, "சார், என் கண்ண விட்டுட்டு நான் எடுத்த படத்தப் பத்தி எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.)

சரி. படத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

2

தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் துல்கர்னைன், சாரல் சீசனுக்காக ஒரு புகைப்படப் போட்டி வைத்தார். தொழில்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது, ஆசைக்கு எடுப்பவர்கள் மட்டும். செலவு சொரிமுத்து அண்ணாச்சியுடையது. குற்றாலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த லாட்ஜ் அவருடையது. நடுவர்கள் மூன்று பேர்: துல்கர்னைன், அண்ணாச்சி, மூன்றாவதாக எழுத்தாளர் கௌரிசங்கர், அதாவது நான். எனக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியாத ஆளும் ஒருத்தர் வேணும்லா வே" என்றார் அண்ணாச்சி. இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வந்த படங்களில் முக்கால்வாசி அருவி. பலவற்றில் தண்ணீர் தண்ணீராகவே இல்லை, பாலாக வழிந்தது. ஷட்டரை மெதுவாக விட்டால் அப்படித்தான் வரும் என்று துல்கர்னைன் விளக்கினார். அண்ணாச்சி அதைப் பாலாபிஷேகமாகவே பாவித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மீதியில் பாதி, சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கும் ஒரு குரங்கு. ஒரே குரங்குதான், பல பேர் எடுத்திருந்தார்கள். பேசாமல் குரங்குக்கே பரிசைக் கொடுத்துவிடலாம் என்றேன். துல்கர்னைன் அடுத்த படத்தைத் திறந்தார்.

பரிசுக்குரிய படம் எது? துல்கர்னைன் வெளிச்சம் என்றார். அண்ணாச்சி, "பாத்த உடனே எந்த ஊருன்னு தெரியணும், முடிஞ்சா எந்த லாட்ஜுன்னும் தெரியணும்" என்றார். என் பதில் மதியம் புரோட்டா சாப்பிடும்போது கிடைத்தது. கை முழுக்கச் சால்னா, அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. நான் தோளைத் தூக்கி மூக்கைத் தேய்த்தேன். தேய்க்கும்போதே "அட, அந்தப் படம்!" என்று வாய்விட்டுச் சொன்னேன்.*

* நல்ல படத்துக்கு என் இலக்கணம் இதுதான்: சாப்பிடப் போன இடத்துக்கும் கூடவே வர வேண்டும். புத்தகத்தில் எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு இதுதான் தெரியும்.

3

அந்தப் படம் இது. சாரல். தகரக் கொட்டகை. எண்ணெய் தேய்க்கும் ஆள் தனியாக நிற்கிறார். இரண்டு கையிலும் எண்ணெய் மினுங்குகிறது. மூக்கு அரிக்கிறது, தொட முடியாது. தோளைத் தூக்கி, முகத்தைக் கோணி, மூக்கைத் தோளில் தேய்க்கிறார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. உலகத்தில் உள்ள எல்லா முதுகையும் தேய்த்துவிடும் கைக்குத் தன் மூக்கு எட்டவில்லை. கருப்பு வெள்ளை. தலைப்பு: "இசக்கிமணி". எடுத்தவள் ஹுஸ்னா.

ஹுஸ்னாவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கண்ணைப் பற்றி அல்ல. எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. துல்கர்னைனுக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும், ஹுஸ்னாவுக்கு அந்த வேலை வேண்டும். குறுக்கே நின்றவர் அவளுடைய வாப்பா மூசா. சவூதியிலிருந்து திரும்பி வந்தவர். "இதெல்லாம் பொழுதுபோக்கு. நெசமாவே தெறம இருந்தா பரிசு வாங்கிட்டு வா, அனுப்புதேன். இல்லன்னா கேமராவ மூடி வையி" என்று சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாற மாட்டார்.

ஆக, எனக்கு இது ஒரு போட்டி, அவளுக்கு இதுதான் பிழைப்பு.

(துல்கர்னைனுக்கும் இதில் சொந்த லாபம் இருக்கிறதே, அவர் எப்படி நடுவராகலாம் என்று கேட்கிறீர்கள். நியாயம். அண்ணாச்சி இந்தப் படத்துக்குச் சம்மதித்ததற்கும் ஒரு காரணம் உண்டு, படத்தில் பின்னால் தெரிவது அவருடைய லாட்ஜ் சுவர். கலப்படமில்லாதவன் நான் ஒருவன்தான், எனக்கோ ஒன்றும் தெரியாது.)

மூன்று பேருக்கும் சம்மதம். கையெழுத்து மட்டும் பரிசளிப்பு நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தோம். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

4

முடியவில்லை, ஏனென்றால் அண்ணாச்சிக்குப் பொறுமை கிடையாது. முதல் பரிசுப் படத்தைச் சீசன் முடியும்வரை அவர் லாட்ஜ் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸாகக் கட்டுவதாக அறிவிப்பு. அன்று சாயங்காலமே படத்தை வாட்ஸப்பில் ஃப்ளெக்ஸ் கடை மணிமுத்துவுக்கு அனுப்பி, கூடவே பேசியும் அனுப்பினார்: "ஏலே, இசக்கிமணி. பெருசா அடி. காலைல கட்டிரணும். கீழ எங்க மூணு பேரு பேரையும் போட்டுரு."

மணிமுத்துவை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் காது குத்தானாலும் சடங்கானாலும் ஃப்ளெக்ஸில் கலர் கண்ணைக் குத்தும். கருப்பு வெள்ளையில் ஒரு முகம், ஒரு பெயர், காலையிலேயே வேண்டும் என்ற அவசரம், கீழே மூன்று பெயர்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

காலையில் குற்றாலம் கண்விழித்தபோது இசக்கிமணி இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில், ரோஜா மாலைக்குள் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே "கண்ணீர் அஞ்சலி". கீழே "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று எங்கள் மூவர் பெயர். இத்தனை வருடம் எழுதியும் என் பெயர் அவ்வளவு பெரிய எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

கொல்லத்திலிருந்து வருடா வருடம் அவரிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வரும் ஒருவர் ஃப்ளெக்ஸ் முன்னால் செருப்பைக் கழற்றி நின்று கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். கடையத்திலிருந்து இசக்கிமணியின் தங்கை முப்பிடாதி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து இறங்கினாள். அண்ணன் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கட்டிப் பிடித்து அழுதாள், பிறகு முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "சாவலன்னா ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா?"

ஃப்ளெக்ஸை மத்தியானத்துக்குள் கழற்றிவிட்டார்கள். செய்தியைக் கழற்ற முடியவில்லை.

5

இப்போது அண்ணாச்சி மாறிவிட்டார். "கலர்ல போடுவோம் வே. எஞ்சொவரும் மஞ்சளாத் தெரியும்." எடுத்தது கலரில்தான், ஹுஸ்னாதான் கருப்பு வெள்ளையாக்கியிருந்தாள். கலர்ப் படத்தைத் திறந்து பார்த்தோம். மஞ்சள் சுவர். அதற்கு முன்னால் கத்திரிப்பூக் கலரில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். ஓரத்தில் யாருடைய அரை டிராயரோ, அதில் தென்னைமரங்கள். இசக்கிமணியை நான் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

கலரில் போட்டால் படம் செத்துப்போகிறது, கருப்பு வெள்ளையில் போட்டால் ஆள் செத்துப்போகிறார்.

துல்கர்னைன் கருப்பு வெள்ளை என்றார். அண்ணாச்சி கலர் என்றார். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத ஆளைப் பார்த்தார்கள்.

(ஃப்ளெக்ஸ் இல்லாமல் பரிசு கொடுத்தால் என்ன என்று கேட்கும் வாசகர் நிச்சயமாக எங்கள் ஊர்க்காரர் இல்லை. மூசா ஏற்கெனவே கேட்டுவிட்டார்: "ஊரு பாக்கத் தொங்கலன்னா அது என்ன பரிசு?")

6

பரிசளிப்பு நாள் காலை. மனசு சரியில்லை, உடம்பையாவது சரிசெய்வோம் என்று ஆயில் மசாஜுக்குப் போனேன். காலியாக இருந்த ஒரே கொட்டகைக்குள் நுழைந்தேன். அது ஏன் காலியாக இருந்தது என்று யோசித்திருக்க வேண்டும்.

"ஆமா, நான்தான் ஜட்ஜு" என்றேன் பலகையிலிருந்து.

"எனக்கு வருசம்னா இந்தச் சீசன்தான் சார்" என்றார் இசக்கிமணி. பிடரி நொறுங்கியது. "மறுபடியும் அந்த மொகத்தக் கட்டினியன்னா செத்தது உறுதின்னுருவானுவ. நேத்துப் புளியங்குடிக்காரர் ஒருத்தர் என்னையப் பாத்துட்டு, 'நீரு அவரு தம்பியா'ன்னு கேக்காரு."

எழுந்து உட்காரச் சொன்னார். என் கைகளை முழங்கைவரை எண்ணெயில் ஊறவைத்து நீவினார். அப்போது ஸ்கூட்டர் சத்தம். ஹுஸ்னா. இசக்கிமணியிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். வருகிற வழிதானே என்று துல்கர்னைன் என் முடிவை எழுதும் சீட்டையும் அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தார். போட்டியாளர் கையிலேயே தீர்ப்புச் சீட்டு! எங்கள் ஊர் இப்படித்தான். நான் துண்டை இழுத்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டேன், அவள் நாகரிகமாக அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். "உங்களுக்கு இப்படி ஆவும்னு நான் நெனைக்கவே இல்ல."

"ஏம்மா, ஊரு பூராவும் பாத்துட்டு. விளக்கும் மாலையும் இல்லாம நான் இன்னும் பாக்கலியே. காட்டு."

அவள் போனை நீட்டினாள். அவர் தொடவில்லை, கையெல்லாம் எண்ணெய். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "இப்படித்தான் நிப்பேன். ஒருத்தனும் பாத்ததில்லன்னு நெனச்சேன்." பிறகு திடீரென்று கோபம் வந்துவிட்டது. "இவன் செத்தவனா சார்? செத்தவனுக்கு மூக்கு அரிக்குமா?"

"கலர்லயும் இருக்குண்ணே" என்று விரலால் தள்ளினாள்.

"பக்கெட்டு நல்லா இருக்கு" என்றார். "நான் எங்க?"

ஹுஸ்னா போனை அணைத்தாள். "கலர்ல எனக்குப் பரிசு வேண்டாம் சார். பக்கெட்டுக்கு வாங்குன பரிச வாப்பாட்ட எப்படிக் காட்டுவேன்? ஆனா இவரு சீசனக் கெடுத்துட்டுக் கல்யாண வீட்டுக்குப் போயி எவள நான் சிரிக்கச் சொல்லுவேன்?"

இசக்கிமணி என்னைப் பார்த்தார். "கலர்ல நான் இல்ல. கருப்பு வெள்ளைல நான் உசுரோட இல்ல. படிச்சவுக, நீங்க சொல்லுங்க."

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஃப்ளெக்ஸுக்கு அடியிலேயே இசக்கிமணி பலகை போட்டு உட்காருகிறார். செத்துப் பிழைத்த கை என்று கூட்டம் அலைமோது— (இனிக்கிறது. ஆனால் கூட்டம் வரும் என்று நான் எழுதிவிடலாம், வரவழைக்க முடியாது. அவருடைய ஒரு வருடத்தை வைத்து நான் சூதாடக் கூடாது.)

பால் அருவிக்குப் பரிசு. ஹுஸ்னா கேமராவை மூடி— (இதை எழுத என் கை வரவில்லை.)

மூசா மனம் மாறி— (அவரை எனக்குத் தெரியும். மாட்டார்.)

ஆகவே அந்த இடத்திலேயே நிற்கிறேன். சாரல் உள்ளே அடிக்கிறது. பத்து மணிக்குப் பரிசளிப்பு, அண்ணாச்சி மைக் டெஸ்ட் செய்வது இங்கே கேட்கிறது. ஹுஸ்னா ஒரு கையில் சீட்டும் மறு கையில் பேனாவுமாக நீட்டிக்கொண்டிருக்கிறாள். இசக்கிமணி என் முகத்தையே பார்க்கிறார். என் இரண்டு கையிலும் முழங்கைவரை எண்ணெய், பேனா நிற்காது.

உங்கள் கை காய்ந்துதானே இருக்கிறது? வாங்கிக்கொள்ளுங்கள். என்ன எழுதினாலும் நான் ஒத்துக்கொள்கிறேன். எழுதுவதற்கு முன்னால் ஓர் உபகாரம் மட்டும்: என் மூக்கைக் கொஞ்சம் சொறிந்துவிடுங்கள்.